கடைசி 2 விநாடி எங்கே போனது?

நீங்கள் கேட்டதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் புரியட்டும். மேற்படிப்புக்கு அமெரிக்கா வந்து இரண்டாவது வருஷம். உங்கள் பல்கலைக்கழக அணியின் ஃபுட்பால் ஆட்டத்துக்குப் போயிருக்கிறீர்கள். நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். அணி 2 புள்ளி பின்னால் இருக்கிறது. 9 விநாடி பாக்கி, டைம்-அவுட் ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லைக்கோட்டை ஒட்டி 11 யார்டு பாஸ், முதல் டவுனும் கிடைத்துவிட்டது, அதாவது 10 யார்டு முன்னேறியதற்குப் புதிதாக நான்கு வாய்ப்புகள். ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். பந்தைப் பிடித்தவரை எதிரணி ஆள் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போய்க் கோட்டுக்கு வெளியே போட்டார். கடிகாரம் 2-ல் நின்றது. உங்கள் அணி அடித்துப்பிடித்து ஓடிவந்து வரிசையில் நின்றது, பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக், வாங்கிய கையோடு அதைத் தரையில் அடித்தார். அதுதான் ஸ்பைக், கடிகாரத்தை நிறுத்தும் வழி. நடுவர் ஆட்டம் முடிந்தது என்றுவிட்டார். ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி வாங்குவது) உதைக்க வேண்டியவர் ஓரத்தில் ஹெல்மெட்டோடு நின்றபடியே இருந்தார்.

"இவ்வளவு பணம் புழங்கும் ஆட்டத்தில் ஒரு கடிகாரத்தை ஒழுங்காக ஓட்டத் தெரியாதா? நடுவர்கள் விலை போய்விட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலை போனார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. முப்பது வருஷமாக இந்த ஆட்டத்தைப் பார்க்கிறேன். கல்லூரி ஃபுட்பால் ரசிகனின் கோபத்தில் பாதி போய்ச் சேர வேண்டிய இடம் வேறு, மீதிப் பாதிக்கு இன்னும் சரியான பதில் கிடைக்கவே இல்லை. இரண்டையும் பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் கடிகாரம். நம் கால்பந்தில் அது நிற்பதே இல்லை. கிரிக்கெட்டில் கணக்கெல்லாம் பந்தில்தான். இங்கே 60 நிமிட ஆட்டம் நின்று நின்று ஓடி மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. எப்போது நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மறுபடி எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில்தான் சூட்சுமம். பாஸ் பிடிபடாமல் விழுந்தால் கடிகாரம் நிற்கும், அடுத்த ஸ்நாப்பில்தான் ஓடும். ஸ்நாப் என்பது நடுவில் இருப்பவர் பந்தைப் பின்னால் கொடுக்கும் கணம். ஆட்டக்காரர் எல்லைக்கோட்டைத் தாண்டினால், பாதியின் கடைசி 2 நிமிடத்தில் அதுவும் ஸ்நாப்பில்தான் ஓடும். மற்ற நேரத்தில் நடுவர் சைகை காட்டியதும் ஓடிவிடும். முதல் டவுன் கிடைத்தால் ஒரு காலத்தில் ஆட்டம் முழுக்கவே நின்றது. 2023-ல் விதியை மாற்றி, ஒவ்வொரு பாதியின் கடைசி 2 நிமிடத்துக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். அப்போதும் ஸ்நாப் வரை காத்திருக்காது. பந்தை வைத்து, நடுவர் விசிலடித்துக் கையைச் சுழற்றியதும் ஓட ஆரம்பித்துவிடும்.

உங்கள் ஆட்டத்தின் தலையெழுத்து இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருந்தது. உங்கள் ஆள் வெளியே போயிருந்தால் ஸ்நாப் வரை அந்த 2 விநாடியை யாரும் தொட முடியாது. நிதானமாக ஃபீல்ட் கோல் உதைத்திருக்கலாம். உள்ளேயே தடுக்கப்பட்டிருந்தால், விசில் ஊதியதும் அது கரையத் தொடங்கிவிடும்.

"வெளியேதானே விழுந்தார்!" என்பீர்கள். விழுந்தது வெளியேதான். ஆனால் முன்னால் போய்க்கொண்டிருந்தவரை எதிரணி தடுத்து, பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டுபோய் வெளியே போட்டால், அவருடைய முன்னேற்றம் எங்கே நின்றதோ அங்கேயே ப்ளே, அதாவது ஒரு ஸ்நாப்பில் தொடங்கிய அந்த நகர்வு, முடிந்ததாகக் கணக்கு. அந்த இடம் உள்ளே என்றால் அவர் உள்ளே. மைதானத்தில் அதிகமான வசவுக்கு ஆளாகிற சரியான தீர்ப்பு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். எண்பதாயிரம் பேருக்கும் கண்ணில் படுவது வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடக்கும் ஆள் மட்டும்தான்.

அந்த ஓரத்தில் நிற்கும் நடுவரின் கை எனக்கு நன்றாகப் பழக்கம். டெக்சாஸில் என் மகன் படித்த பள்ளியில் ஆறு சீசன் வெள்ளிக்கிழமை இரவுகளில் கடிகாரம் ஓட்டியிருக்கிறேன். டெக்சாஸ் பள்ளி ஆட்டங்கள் பெரும்பாலும் கல்லூரி விதிப்படியே நடக்கும். மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்தால் கையில் ஒரு ஸ்விட்ச். ஒரு பக்கம் தட்டினால் ஓடும், மறுபக்கம் தட்டினால் நிற்கும். வேலைக்கு உட்கார்ந்த முதல் நாளே பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது இது: பந்தைப் பார்க்காதே, கையைப் பார். தலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்கும் நெடுக்குமாக ஆட்டினால் நிறுத்து. ஒரு கையை வட்டமாகச் சுழற்றினால் ஓடட்டும். சுழற்றிவிட்டு உடனே குறுக்காக ஆட்டினால், "ஆள் உள்ளேதான், ஆனால் முதல் டவுன்" என்று அர்த்தம். அப்போது நிறுத்திவிட்டு, நடுவே நிற்கும் தலைமை நடுவரான ரெஃப்ரி கையைச் சுழற்றியதும் ஓட்ட வேண்டும்.

ஒரு மழை நாளில், கடைசி நிமிடத்தில், அந்தச் சுழற்சியை நான் கவனிக்கவில்லை. கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, குறுக்காக ஆடிய கைகள் மட்டும் கண்ணில் பட்டன. ஆள் வெளியே போய்விட்டார் என்று நினைத்து ஸ்நாப்புக்காகக் காத்திருந்தேன். ரெஃப்ரி கையைச் சுழற்றியும் கடிகாரம் அசையவில்லை. எங்கள் அணிக்கு 4 விநாடி சும்மா கிடைத்தது. அவர் ஆட்டத்தை நிறுத்தி, மைக்கில் அறிவித்து, அந்த 4 விநாடியைக் கழிக்கச் சொன்னார். எங்கள் பக்கத்து கேலரி மொத்தமும் எழுந்து அவரைத் திட்டித் தீர்த்தது. தவறு என் கட்டைவிரலுடையது. திட்டு வாங்கியவர், அந்த மைதானத்தில் அன்றைக்கு விஷயத்தைச் சரியாகப் பார்த்த ஒரே மனிதர். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

கல்லூரி ஆட்டத்திலும் கடிகாரத்தை ஓட்டுவது ஒரு மனிதரின் விரல்தான். முன்பு பல இடங்களில் அவர் சொந்த மைதானத்து ஆளாகவும் இருந்தார். 2001 நவம்பரில் மிச்சிகன் ஸ்டேட் அணி, 1 விநாடி பாக்கி இருக்கையில் ஸ்பைக் செய்து, அடுத்த ப்ளேயில் டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது, 6 புள்ளி) போட்டு மிச்சிகனை 26-24 என்று வென்றது. அந்த 1 விநாடி நிஜமாகவே பாக்கி இருந்ததா, கடிகாரக்காரர் சற்று முன்னதாக நிறுத்திவிட்டாரா என்று அந்த மாநிலத்தில் இன்றும் சண்டை ஓயவில்லை. அதன் பிறகு சில ஆண்டுகளில் அவ்விரு அணிகளும் சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பான பிக் டென் கான்ஃபரன்ஸ் கடிகாரத்தை நடுநிலையான ஆட்களிடம் கொடுத்தது. இதற்கும் பழைய கதை 1972-ல் எல்எஸ்யூ (லூயிசியானா ஸ்டேட்) 17-16 என்று ஓல் மிஸ்ஸை (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) வென்றது. 4 விநாடி பாக்கி இருந்தபோது வீசிய ஒரு பாஸ் விழுந்து முடிந்தும் 1 விநாடி மிச்சம் காட்டியது, அந்த 1 விநாடியில் வெற்றி டச்டவுன். லூயிசியானாவுக்குள் நுழைகிறீர்கள், கடிகாரத்தை 4 விநாடி பின்னால் திருப்பிக்கொள்ளுங்கள் என்று மிசிசிப்பிக்காரர்கள் பலகை வைத்ததாகச் சொல்வார்கள்.

அந்த 1 விநாடி யாருக்கும் நிரந்தர நண்பனில்லை. 2009 பிக் 12 இறுதிப் போட்டியில் டெக்சாஸின் கோல்ட் மெக்காய் பந்தை வெளியே எறிந்தபோது கடிகாரம் 0 காட்டியது. நெப்ராஸ்கா ஆட்டக்காரர்கள் ஜெயித்துவிட்டோம் என்று களத்துக்குள் ஓடிவந்துவிட்டார்கள். ரீப்ளேயில் 1 விநாடி திரும்பி வந்தது. ஹன்டர் லாரன்ஸ் 46 யார்டிலிருந்து உதைத்தார், 13-12, டெக்சாஸ் தேசிய இறுதி ஆட்டத்துக்குப் போனது. நெப்ராஸ்காவில் இன்றும் அது ஆறாத காயம். ஆனால் பந்து வெளியே பட்டபோது 1 விநாடி மிச்சம் இருந்தது உண்மைதான். நான்கு வருஷம் கழித்து, 2013 நவம்பர் 30-ல் அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன் அதேபோல 1 விநாடியைப் போராடி வாங்கினார். வாங்கிய விநாடியில் 57 யார்டு ஃபீல்ட் கோல் உதைத்தார்கள். பந்து எட்டாமல் விழ, ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மைதானத்தின் மறுகோடிவரை ஓடினார். ஆபர்ன் 34-28. கேட்காமல் விட்டிருந்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும்.

சரி, நடுவர்கள் உண்மையிலேயே தவறு செய்த இடங்களுக்கு வருகிறேன். என்னை விடாமல் உறுத்துவது 2016 செப்டம்பர் 10, ஸ்டில்வாட்டர். சென்ட்ரல் மிச்சிகனுக்கு எதிராக ஓக்லஹோமா ஸ்டேட் 27-24 என்று முன்னால். கடைசி 4 விநாடி, நான்காவது டவுன். குவார்ட்டர்பேக் மேசன் ருடால்ஃப் நேரத்தைக் கரைக்க, பக்கத்தில் யாருமே இல்லாத இடத்துக்குப் பந்தை உயரமாக வீசி எறிந்தார். கடிகாரம் 0 ஆகிவிட்டது. ஆளில்லாத இடத்தில் எறிவது குற்றம், கொடியும் விழுந்தது. பொதுவாக நேரம் முடியும்போது குற்றம் நடந்தால் இன்னொரு ப்ளே கொடுக்கலாம். ஆனால் டவுனை இழப்பதும் தண்டனையில் சேர்ந்திருந்தால் கொடுக்கக் கூடாது. இந்தக் குற்றத்தில் அது சேர்ந்திருக்கிறது. அதாவது ஆட்டம் அங்கேயே முடிந்தது. நடுவர்கள் அதை மறந்து சென்ட்ரல் மிச்சிகனுக்கு ஒரு ப்ளே கொடுத்தார்கள். அவர்கள் நடுமைதானத்திலிருந்து நீளமாக எறிந்தார்கள். பிடித்தவர் விழுந்துகொண்டே பக்கத்தில் வந்தவரிடம் பந்தைத் தள்ளிவிட, அவர் குறுக்கே ஓடி டச்டவுன் போட்டார். 30-27. தவறை அன்றே ஒப்புக்கொண்டார்கள். களத்து நடுவர் குழுவையும் ரீப்ளே குழுவையும் இடைநீக்கம் செய்தார்கள். முடிவு மட்டும் மாறவில்லை.

களத்தில் எட்டு நடுவர்கள், மேலே ரீப்ளே அறை. இத்தனை பேரில் ஒருவருக்கும் அந்த விதி சரியான நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அவர்களைத் திட்ட இதைச் சொல்லவில்லை. வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை விசில் பிடிப்பவர்கள் இவர்களில் பெரும்பாலோர். கான்ஃபரன்ஸ்கள்தான் ஒப்பந்தத்தில் அமர்த்துகின்றன. பயிற்சியாளர்களுக்கு ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் கொடுக்கும் அமைப்புக்கு, முக்கிய நடுவர்களையும் கடிகாரம் ஓட்டுபவரையும் முழுநேர ஊழியராக வைத்துக்கொள்ளப் பணமில்லை என்பதை என்னால் ஏற்க முடியாது. உங்கள் கோபத்தை அங்கே திருப்புங்கள் என்பேன்.

2013-ல் விஸ்கான்சினுக்கு நடந்ததும் கொடுமைதான். அரிசோனா ஸ்டேட் 32-30 என்று முன்னால். 18 விநாடி இருக்கையில் விஸ்கான்சின் குவார்ட்டர்பேக் உதைப்பதற்கு வாகாக நடுப்பக்கம் ஓடி, முட்டி போட்டு, பந்தைத் தரையில் வைத்தார். பந்து நழுவிவிட்டதாக நினைத்து எதிரணி அதன்மேல் விழுந்தது. அவர்களை எழுப்பிப் பந்தை மறுபடி வைக்க நடுவர்களுக்கு அவசரமே தோன்றவில்லை. கடிகாரம் ஓடி முடிந்தது. அந்த நடுவர் குழுவை பாக்-12 கண்டித்தது, அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் தாத்தா 1990 அக்டோபர் 6. மிசூரி மைதானத்தில் ஒரு டைம்-அவுட்டுக்குப் பிறகு டவுன் எண் காட்டும் பலகை 2-லிருந்து 3-க்கு மாறவில்லை. கொலராடோவுக்கு ஐந்தாவது டவுன் கிடைத்தது, அதில் டச்டவுன் போட்டு 33-31 என்று ஜெயித்தது, அந்த சீசன் முடிவில் ஏபி செய்தி நிறுவனத்தின் வாக்கெடுப்பில் தேசிய சாம்பியனும் ஆனது. இதே ஐந்தாவது டவுன் 1940-ல் கார்னெல் அணிக்குக் கிடைத்திருந்தது. 7-3 என்று டார்ட்மத்தை வென்ற கார்னெல், படச்சுருளைப் போட்டுப் பார்த்துவிட்டு, வெற்றி எங்களுடையதில்லை என்று தந்தி அடித்தது. 3-0 டார்ட்மத் வெற்றி என்றுதான் இன்றும் பதிவு. கார்னெலை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் கோடிக்கணக்கான டாலர் ஒப்பந்தங்கள் தொங்கும் இன்றைய ஆட்டத்தில் ஒரு அணியிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரசிகர்கள் நடுவர் தலையில் கட்டுகிற பல தோல்விகள் பயிற்சியாளரின் கணக்குப் பிழை. 2023 அக்டோபர் 7-ல் மயாமி 20-17 என்று ஜார்ஜியா டெக்கை விட முன்னால். சுமார் 33 விநாடி பாக்கி, எதிரணியிடம் டைம்-அவுட் இல்லை. அடுத்த ஸ்நாப்புக்கு 40 விநாடி அவகாசம் உண்டு. குவார்ட்டர்பேக் பந்தோடு ஒருமுறை முட்டி போட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், ஆட்டம் முடிந்தது. மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கு. பயிற்சியாளர் மரியோ கிறிஸ்டோபால் பந்தைக் கொடுத்து ஓட வைத்தார். பந்து நழுவியது, டெக் எடுத்தது, 1 விநாடி பாக்கி இருக்கையில் டச்டவுன் போட்டு 23-20 என்று ஜெயித்தது. ஓடியவரின் முட்டி முன்பே தரையில் பட்டதா என்று மயாமி ரசிகர்கள் நடுவர்கள்மீது பாய்ந்தார்கள். அந்த ப்ளே நடந்திருக்கவே கூடாது என்பதுதான் விஷயம்.

உங்கள் அணி செய்ததும் இந்த வகைதான். 2013 முதல் விதிப் புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது: கடிகாரம் நின்று, நடுவர் சைகையில் ஓடும் நிலையில் 3 விநாடியோ அதற்கு மேலோ இருந்தால்தான் ஸ்பைக் செய்துவிட்டு இன்னொரு ப்ளே எதிர்பார்க்கலாம். 2 அல்லது 1 என்றால் ஒரே ஒரு ப்ளேக்குத்தான் நேரம். உங்கள் பயிற்சியாளர் அந்த ஒரு ப்ளேயில் டச்டவுன் போடும் இடமான எண்ட் ஸோனுக்கு எறியச் சொல்லியிருக்க வேண்டும். பெரிய பயிற்சியாளர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2009-ல் எல்எஸ்யூ ஓல் மிஸ்ஸின் 5 யார்டு கோட்டருகே 1 விநாடி இருக்கும்போது ஸ்பைக் செய்ய முயன்று 25-23 என்று தோற்றது. அப்போது இந்த விதி எழுத்தில் இல்லை, ஆனாலும் 1 விநாடியில் அது ஆகாத காரியம். அதே பயிற்சியாளர் லெஸ் மைல்ஸ், 2016-ல் ஆபர்னிடம் 18-13 என்று தோற்றார். கடைசி ப்ளேயில் டச்டவுன் என்று அறிவித்தார்கள், பிறகு ஸ்நாப் வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று ரீப்ளேயில் ரத்தானது. மறுநாளே அவர் வேலை போனது.

விதியில் ஓட்டை இருந்தால் அதில் நேரத்தைத் திருடுபவர்களும் உண்டு. 2006-ல் ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்க, கிக்-ஆஃபில் (ஆட்டத்தைத் தொடங்க எதிரணிக்கு உதைத்துக் கொடுப்பது) பந்தை உதைத்ததுமே கடிகாரம் ஓடும் என்று விதி போட்டார்கள். விஸ்கான்சின் பயிற்சியாளர் பிரெட் பியலெமா, பென் ஸ்டேட்டுக்கு எதிராக முதல் பாதியின் கடைசி விநாடிகளில் தன் ஆட்களை வேண்டுமென்றே முன்னதாக ஓடவிட்டு, தண்டனையை வாங்கிக்கொண்டு நேரத்தைக் கரைத்தார். அடுத்த ஆண்டே விதி போய்விட்டது. 2024 அக்டோபர் 12-ல் ஓஹையோ ஸ்டேட்டுக்கு எதிராக 10 விநாடி இருக்கும்போது ஆரிகன் 11 பேருக்குப் பதில் 12 ஆட்களை இறக்கியது. தண்டனை வெறும் 5 யார்டு, ஆனால் 4 விநாடி போய்விட்டது. ஆரிகன் 32-31. நாடே கொதித்தது. அடுத்த சில நாளிலேயே, சீசன் நடுவிலேயே, அந்த நேரத்தைத் திருப்பி வைக்கலாம் என்று விதிக்கு விளக்கம் வந்தது. ரசிகர் கோபம் வீண் என்று யாராவது சொன்னால் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

ஆனால் அந்தக் கோபம் எந்த வடிவில் வருகிறது என்பது முக்கியம். 2006-ல் ஓக்லஹோமா, ஆரிகனிடம் 34-33 என்று தவறான தீர்ப்பால் தோற்றபோது ரீப்ளே நடுவருக்குக் கொலை மிரட்டல்கள் போயின. 2024-ல் ஆஸ்டினில் ஒரு பெனால்டியை எதிர்த்து மாணவர்கள் பாட்டில்களை வீசினார்கள். பிறகு அந்தத் தீர்ப்பை நடுவர்கள் மாற்றினார்கள், டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு 2,50,000 டாலர் அபராதம் விழுந்தது. முதலில் கொடுத்த பெனால்டி தவறுதான். ஆனால் பாட்டில் வீசினால் தீர்ப்பு மாறும் என்று இருபது வயதுப் பையன்கள் நம்பிவிட்டால், அடுத்த முறை யாருடைய மண்டை உடையும்?

உங்கள் ஆட்டத்துக்கு வருகிறேன். காணொளியில் அந்தப் பாஸ் முடிந்த இடத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பந்தை விடுங்கள், ஓரத்தில் ஓடிவரும் நடுவரின் கையைப் பாருங்கள். முதலில் ஒரு கை சுழன்று, பிறகு இரண்டும் குறுக்காக ஆடினால் அவர் முன்னேற்றத்தை உள்ளே வைத்திருக்கிறார். நீங்கள் சொல்லும் விவரத்தைப் பார்த்தால் அதுதான் சரியான தீர்ப்பு, கேள்வி கேட்க வேண்டியது பயிற்சியாளரை. சுழலாமல் நேராகக் குறுக்காக ஆடியிருந்தால், ஆள் வெளியே என்று அவர் சொன்ன பிறகும் ரெஃப்ரி கடிகாரத்தை ஓட்டியிருக்கிறார். அப்படியானால் உங்கள் 2 விநாடியும் ஒரு ஃபீல்ட் கோலும் பறிபோனது உண்மை. அந்த இடத்தின் நேரத்தைக் குறித்துக்கொண்டு கான்ஃபரன்ஸ் அலுவலகத்துக்கு எழுதுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.